இத்தாலிய நகைச்சுவை ஓபராவை ஆங்கிலத்தில் பதிவு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஓபராக்களைப் பற்றிப் பேச்சு?

இத்தாலியர்கள் ஓபரா பூஃபா என்று அழைக்கும் வகையைப் பற்றி. பணமும் வயதும் உள்ள ஒரு கிழவர், அவர் கண் வைத்திருக்கும் ஓர் இளம்பெண், அவளுக்கு ஏற்கெனவே ஒரு காதலன், நடுவில் புகுந்து காரியத்தை முடித்துக்கொடுக்கும் ஒரு கில்லாடி. இந்த நாலு பேரை வைத்துக்கொண்டு நூறு வருடங்களுக்கு மேல் ஓட்டினார்கள். பெர்கொலேசியின் 'எஜமானியான வேலைக்காரி' 1733இல் நேப்பிள்ஸில் மேடையேறியது. மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' 1786இல் வியன்னாவில், ரொசினியின் 'செவில் நகர நாவிதன்' 1816இல் ரோமில், தொனிசெத்தியின் 'காதல் மருந்து' 1832இல் மிலானில், அவருடைய 'தோன் பாஸ்குவாலே' 1843இல் பாரிஸில். வெர்தி எண்பது வயதை நெருங்கும்போது தந்த 'ஃபால்ஸ்டாஃப்' 1893இல் வந்தது. அந்த வரிசையில் அதுதான் கடைசிப் பெரிய பெயர்.

கீழே அதிகம் எடுத்துக்கொள்வது 'தோன் பாஸ்குவாலே'வை. அதனால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்குவாலே ரோம் நகரத்துப் பணக்காரக் கட்டைப் பிரம்மச்சாரி. உடன்பிறந்தார் மகன் எர்னெஸ்தோ தன் பேச்சைக் கேட்காமல் நொரீனா என்ற இளம் விதவையைக் காதலிக்கிறான் என்று அவருக்குக் கோபம். சொத்து அவனுக்குப் போகக் கூடாது என்று, தானே கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கிளம்புகிறார். நண்பரான வைத்தியர் மலத்தெஸ்தா, "கன்னிமாடத்தில் வளர்ந்த என் தங்கை" என்று சொல்லி ஒரு பெண்ணை அழைத்து வருகிறார். அவள் வேறு யாருமில்லை, நொரீனாவேதான். போலிக் கல்யாணம் முடிந்த மறு நிமிடம் அந்தச் சாது வீட்டையே தலைகீழாக்குகிறாள்.

இத்தாலிய மொழியில் எழுதியதை ஆங்கிலத்தில் எதற்குப் பாட வேண்டும்?

சிரிப்பதற்கு. மற்ற காரணங்களெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சோக ஓபராவில் கதாநாயகி காசநோயில் இருமிக்கொண்டே பாடினால், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் நமக்குத் தொண்டை அடைக்கும். நகைச்சுவைக்கு அந்தச் சலுகை கிடையாது. 'செவில் நகர நாவித'னில் பாசிலியோ என்ற பாட்டு வாத்தியார், ஓர் ஆளைக் கவிழ்க்க வதந்தி ஒன்று போதும் என்று பாடும் இடத்தைப் பாருங்கள். வதந்தி இளங்காற்றாகப் புறப்படுகிறது, காதுகளுக்குள் நுழைகிறது, வாய்க்கு வாய் பெருக்கிறது, கடைசியில் பீரங்கியாக வெடிக்கிறது. வயலின்களின் கிசுகிசுப்பில் தொடங்கி மொத்த வாத்தியங்களும் முழங்குவது வரை, ரொசினி அந்த வரிகளின் பின்னாலேயே ஒலியை ஏற்றிக்கொண்டு போகிறார். வார்த்தை தெரியாதவருக்கு இது சத்தம் கூடிக்கொண்டே போகும் ஒரு பாட்டு. தெரிந்தவருக்கு, அந்த வாத்தியார் தன் திட்டத்தில் தானே மயங்கிப் போவது கேட்கும்.

மேடையிலாவது முகபாவம், தள்ளுமுள்ளு, ஒளிந்துகொள்ளும் அலமாரி எல்லாம் உண்டு. ஒலிப்பதிவில் அது எதுவும் இல்லை. வார்த்தைதான் நடிக்க வேண்டும். அதனால்தான் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு மேடையைவிடப் பதிவில் தேவை அதிகம் என்கிறேன். மேடைக்கு மொழிபெயர்ப்பு சரி, பதிவுக்கு மூலமே போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

மூல மொழியில் பாடுவதுதானே மரபு?

அது எல்லா ஊருக்கும் பொதுவான மரபாக ஆனது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் ஓபரா போன ஊரின் மொழியைப் பேசியது.

'செவில் நகர நாவிதன்' லண்டனுக்கு வந்தது 1818இல். மார்ச் மாதம் கிங்ஸ் தியேட்டரில் இத்தாலியத்தில் பாடினார்கள். அதே வருடம் அக்டோபரில் கோவென்ட் கார்டனில் ஹென்றி பிஷப் தட்டிக்கொட்டி மாற்றிய ஆங்கில வடிவம் வந்துவிட்டது. நியூயார்க்கில் கதை இன்னும் வேடிக்கை. அங்கே 1819இலேயே அதை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார்கள். மனுவெல் கார்சியா தன் குழுவோடு கப்பலில் போய் இத்தாலியத்தில் பாடிக்காட்டியது 1825இல்தான். இந்தக் கார்சியாதான் ரோமில் முதல் நாள் அல்மவீவா பிரபுவாகப் பாடியவர். அதாவது அந்த ஊருக்கு மொழிபெயர்ப்பு முதலில் போனது, மூலம் பின்னால் போனது.

இங்கிலாந்தில் 1934இல் தொடங்கிய கிளைண்ட்போர்ன் விழா மூல மொழியைப் பிடித்துக்கொண்டது. சாட்லர்ஸ் வெல்ஸ் குழு ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குழு 1968இல் லண்டன் கொலீசியம் அரங்குக்குக் குடிபோனது. 1974இல் பெயரும் இங்கிலீஷ் நேஷனல் ஓபரா என்று மாறியது. நாம் பேசும் பதிவுகளில் பாடியவர்கள் பலரும் அந்த மேடையில் தேறியவர்கள்.

யார் யார் பதிவு செய்தார்கள்?

அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 1952இல் மெட்ரோபாலிட்டன் ஓபரா பாடகர்களை வைத்து மோட்சார்ட்டின் 'கொஸி ஃபான் தூத்தே'யை ரூத் மார்ட்டின், தாமஸ் மார்ட்டின் தம்பதியின் ஆங்கில வரிகளில் முழு ஓபராவாக வெளியிட்டது. எலினார் ஸ்டீபர், ரிச்சர்ட் டக்கர், ராபர்ட்டா பீட்டர்ஸ் என்று பெரிய தலைகள். வாத்தியக் குழுவை ஃபிரிட்ஸ் ஸ்டீட்ரி நடத்தினார்.

ஆனால் இதை ஒரு வேலையாக எடுத்து வருடக்கணக்கில் செய்தவர் என்றால் பீட்டர் மூர்ஸ்தான். லிவர்பூல் லிட்டில்வுட்ஸ் வணிகக் குடும்பத்துப் பிள்ளை, இளமையிலேயே ஓபரா பித்துப் பிடித்தவர். 1964இல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1970களில் ரெஜினால்டு குடால் கொலீசியத்தில் நடத்திய வாக்னரின் நான்கு ஓபரா வரிசை ஆங்கிலத்தில் இசைத்தட்டாக வந்தது அந்தப் பணத்தில்தான். 1990களின் நடுவில் கொல்செஸ்டரில் இருக்கும் சாண்டோஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 'ஓபரா இன் இங்கிலீஷ்' என்ற வரிசையைத் தொடங்கினார். பழைய பதிவுகளின் மறுவெளியீட்டையும் சேர்த்தால் ஐம்பதுக்கு மேல் வந்துவிட்டன.

நகைச்சுவைப் பக்கம் முக்கியமானவை: கேப்ரியேலே பெல்லீனி நடத்திய 'செவில் நகர நாவிதன்', டேவிட் பாரி நடத்திய 'தோன் பாஸ்குவாலே', 'காதல் மருந்து', 'ஃபிகாரோவின் திருமணம்', பால் டேனியல் நடத்திய 'ஃபால்ஸ்டாஃப்', சார்லஸ் மக்கெராஸ் நடத்திய 'கொஸி ஃபான் தூத்தே'. இவற்றில் ஆண்ட்ரூ ஷோர் என்ற ஒரே பாடகர் 'நாவித'னில் வரும் கிழவர் பார்த்தோலோ, பாஸ்குவாலே, துல்கமாரா, ஃபால்ஸ்டாஃப் என நாலு பாத்திரங்களைச் செய்திருக்கிறார். வரிசையாகக் கேட்டால், ஒரே குரலில் நாலு வேறு ஆட்கள். தன் வயதை மறந்த பாஸ்குவாலே ஒரு மாதிரி மூச்சு விடுகிறார், போலி மருந்து விற்கும் துல்கமாரா இன்னொரு மாதிரி.

பெரிய நிறுவனங்கள் ஏன் தாங்களாகவே செய்யவில்லை?

பணம். அதே பாடகர்கள் இத்தாலியத்தில் பாடினால் டோக்கியோவிலும் விற்கும், மிலானிலும் விற்கும். ஆங்கிலத்தில் பாடினால் ஆங்கிலம் பேசும் நாடுகளோடு சரி, அங்கேயும் மூல மொழியில்தான் கேட்போம் என்பவர்கள் வாங்க மாட்டார்கள். வாத்தியக் குழுவுக்கும் கோரஸுக்கும் ஆகும் செலவு மட்டும் ஒன்றுதான். புரவலர் இல்லாமல் கணக்கு உதைக்கும்.

மொழிபெயர்ப்பாளர் என்னதான் செய்கிறார்?

ஒரே ஓர் இடத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 'தோன் பாஸ்குவாலே' மூன்றாம் அங்கம். மனைவிக்கு வந்த காதல் கடிதம் கிழவர் கையில் சிக்கிவிட்டது. இரவு தோட்டத்தில் சந்திப்பு. அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க அவரும் மலத்தெஸ்தாவும் திட்டம் போடுகிறார்கள்:

கே-தி, கே-தீம்-மன்-தி-நென்-தே
நெல் ஜார்-தி-நோ தி-ஷென்-தியா-மோ

"சத்தம் போடாமல், இப்போதே, தோட்டத்துக்குள் இறங்குவோம்" என்பதுதான் பொருள். எண்ணிப் பாருங்கள், வரிக்கு எட்டு அசை. அழுத்தம் ஒற்றைப்படை இடங்களில் விழுகிறது, ஏழாவதில் கடைசி அழுத்தம், எட்டாவது அசை தளர்ந்து விழும். இத்தாலியத்தில் பெரும்பாலான சொற்கள் உயிரெழுத்தில் முடிந்து இப்படித்தான் தளரும், அதனால் கவிஞருக்கு இது சும்மா வருகிறது. ஆங்கிலத்தில் அன்றாடச் சொற்கள் பாதிக்கு மேல் ஓரசைச் சொற்கள். 'நைட்', 'வைஃப்', 'ட்ராப்' என்று டப்பென்று முடியும். அப்படிப்பட்ட சொல்லை வரிக் கடைசியில் வைத்தால் எட்டாவது சுரத்துக்கு வார்த்தை இல்லாமல் போகும், அல்லது தளர வேண்டிய இடத்தில் சுத்தியல் அடி விழும். ஆகவே 'கார்டன்', 'வெயிட்டிங்', 'பிளெஷர்', 'மெஷர்' போன்ற ஈரசைச் சொற்களைத் தேடித்தான் வரியை முடிக்க வேண்டும். அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். மோசமான மொழிபெயர்ப்பில் நாலு வரிக்கு ஒருமுறை 'இங்' 'இங்' என்று மணி அடிப்பது இதனால்தான்.

அதே பாட்டில் கொஞ்சம் தள்ளி இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. கிழவர் கறுவுகிறார்: "அஸ்பெத்தா, அஸ்பெத்தா, காரா ஸ்போஸீனா" (இரு, இரு, என் ஆசைப் பொண்டாட்டி). மலத்தெஸ்தா நமக்கு மட்டும் கேட்கும்படி, பாவம், இவருக்கு என்ன காத்திருக்கிறது என்று இவருக்கே தெரியவில்லை என்று பாடுகிறார். அந்தக் "காத்திருக்கிறது" என்பதற்கும் அதே "அஸ்பெத்தா"தான். கிழவர் வாயில் மிரட்டலாக வந்த சொல் மற்றவர் வாயில் அவருக்கே பொறியாகத் திரும்புகிறது. நல்லவேளையாக ஆங்கிலத்தில் 'வெயிட்', 'அவெயிட்' என்று ஒரு ஜோடி அகப்படுகிறது. எல்லா நாளும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது.

இது போதாதென்று, முடிவில் இருவரும் ஒரே நேரத்தில், வேறு வேறு வரிகளை, அசைக்கு ஒரு குறுஞ்சுரமாகக் கொட்டித் தீர்ப்பார்கள். இங்கே ஆங்கிலத்துக்குக் கை கொடுப்பது அதன் சொந்த மேடை மரபு. கில்பர்ட், சல்லிவன் ஜோடியின் ஓபராக்களில் வேகமாக வார்த்தைகளைப் பொழியும் பாட்டுகள் ஆங்கிலேயர் காதுக்கு நூறு வருடப் பழக்கம். அந்த வேகத்தில் மெய்யெழுத்துகள் படபடவென்று விழுவதே ஒரு சிரிப்பு. என்னைக் கேட்டால், இந்த வகைப் பாட்டில் நல்ல ஆங்கிலப் பதிவு இத்தாலியப் பதிவுக்குச் சமமாக நிற்கும், சில நேரம் ஒருபடி மேலேயும் போகும்.

இது படத்துக்கு டப்பிங் செய்வது மாதிரியா?

பாதி. டப்பிங்கில் உதடு அசைவுக்கு வசனம் பொருந்த வேண்டும். இங்கே உதடு பிரச்சினையே இல்லை, சுரம் பொருந்த வேண்டும். டப்பிங்கில் ஒரு சொல்லைக் கொஞ்சம் இழுத்தோ முழுங்கியோ சமாளிக்கலாம். தொனிசெத்தி எழுதிய கால்சுரத்தை நீட்ட முடியாது. அப்புறம், டப்பிங் செய்யும் குரல் அந்த நடிகருடையது அல்ல. ஓபராவில் மொழிபெயர்த்த வரியைப் பாடுபவரே பாத்திரம்.

உச்ச சுரத்தில் என்ன ஆகும்?

டெனருக்கும் (உயர்ந்த ஆண்குரல்) சொப்ரானோவுக்கும் (உயர்ந்த பெண்குரல்) மேல் சுரத்தில் திறந்த உயிர் வேண்டும். 'ஆ', 'ஓ' என்றால் வாய் தானாகத் திறக்கும். அந்த இடத்தில் 'கிஸ்', 'மீ' போல இகரம் வந்தால் தொண்டை இறுகும். அகராதிப்படி மிகச் சரியான சொல்லாக இருந்தாலும் பாடகர் மறுத்துவிடுவார், மறுக்கவும் வேண்டும். ஒத்திகையில் பாடகர் கேட்டு வரி மாறுவது சகஜம். 'தோன் பாஸ்குவாலே' பதிவில் மொழிபெயர்த்தவரும் நடத்துநரும் ஒரே ஆள், டேவிட் பாரி. கோலைக் கையில் வைத்துக்கொண்டே வரியைத் திருத்த முடியும் என்பது லேசான வசதி இல்லை.

பாட்டுக்கு நடுவில் பேச்சு மாதிரிப் பாடுகிறார்களே, அதையும் மொழிபெயர்க்கிறார்களா?

ஆமாம். ரெசிடேட்டிவ் என்பார்கள் அதை. கதை நகர்வது முழுக்க அதில்தான். மோட்சார்ட்டிலும் 'செவில் நகர நாவித'னிலும் ஒரு கீபோர்டு வாத்தியம் மட்டும் பின்னால் தட்டிக்கொண்டிருக்கும். 'தோன் பாஸ்குவாலே'யில் தொனிசெத்தி அதைக் கைவிட்டு நரம்பு வாத்தியங்களைக் கொடுத்தார்.

இத்தாலியப் பதிவில் நம்மில் பலர் தாண்டிப்போகும் பகுதி இது. ஒரு காலத்தில் நிறுவனங்களே தாண்டிவிட்டன. கிளைண்ட்போர்னில் 1934, 35இல் பதிவான புகழ்பெற்ற 'ஃபிகாரோவின் திருமண'த்தில் இந்தப் பேச்சுப் பகுதி அடியோடு இல்லை, பாட்டுகள் மட்டும்தான். ஆங்கிலப் பதிவில் நிலைமை தலைகீழ். ஜெரமி சாம்ஸ் மொழிபெயர்த்த 'ஃபிகாரோ'வில் நான் அதிகம் சிரிப்பது பாட்டுகளில் இல்லை, இந்தப் பேச்சில்தான். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்ற கணக்கு ஒரு வரி பிசகாமல் காதில் விழும்போது, இரண்டாம் அங்க முடிவில் ஏழு பேர் சேர்ந்து பாடும் குழப்பம் குழப்பமாகவே இருப்பதில்லை.

ஸ்டூடியோவில் வேலை எப்படி நடக்கும்?

கதை வரிசையில் நடக்காது. கோரஸ் வேண்டிய இடங்களை ஒன்றாகச் சேர்த்து முடித்துவிடுவார்கள். பெரிய கூட்டுப்பாடல்கள் எல்லாரும் ஊரில் இருக்கும் நாளில். கிழவரும் நொரீனாவும் கடைசிக் காட்சியில் சமாதானமாகிவிட்டு, அடுத்த நாள் வந்து முதல் சண்டையைப் போடலாம். பிரிட்டிஷ் வாத்தியக் கலைஞர்களின் ஒப்பந்த வழக்கப்படி மூன்று மணி நேர அமர்வில் 20 நிமிட இசைதான் வெளியீட்டுக்கு எடுக்கலாம். 'தோன் பாஸ்குவாலே' ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எவ்வளவு வேகமாகப் போனாலும் ஆறு அமர்வுக்குக் குறையாது.

சிவப்பு விளக்கு எரிந்தால் பாட வேண்டும், யாரும் சிரிக்கக் கூடாது. நகைச்சுவைக்கு இது பெரிய இடைஞ்சல். அரங்கில் கூட்டம் சிரித்து முடிக்க அரை விநாடி விட்டு அடுத்த வரியைத் தொடங்குவார்கள். ஸ்டூடியோவில் அந்த அரை விநாடியை யார் தருவது? மேடையில் அதே வரிகளைப் பல இரவு பாடியவர்களுக்கு மட்டும் அது உடம்பில் ஊறியிருக்கும். 'செவில் நகர நாவித'னுக்கு அமான்டா ஹோல்டனும் ஆன்டனி ஹோல்டனும் எழுதிய வரிகள், 1987இல் ஜோனதன் மில்லர் இயக்கிய கொலீசியம் தயாரிப்புக்காக வந்தவை. 1990களில் பதிவாகும்போது அவை ஏற்கெனவே மேடையில் அடிபட்டுத் தேறியிருந்தன. எங்கே சிரிப்பு வரும், எங்கே வராது என்பது தெரிந்த வரிகள்.

மைக் தரும் லாபத்தையும் சொல்ல வேண்டும். கொலீசியத்தில் 2300க்கு மேல் இருக்கைகள். கடைசி வரிசைக்கு முணுமுணுப்புப் போய்ச் சேராது. மைக்குக்கு முன்னால் பார்த்தோலோ பல்லைக் கடித்துக்கொண்டு தனக்குத்தானே பேசலாம், அது வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும். ஆனால் சொல்லின் கடைசி 'ட்', 'க்', 'ஸ்' எல்லாம் கோரஸில் நாற்பது பேர் வாயிலிருந்து ஒரே நேரத்தில் விழ வேண்டும். இல்லாவிட்டால் ஸ், ஸ், ஸ் என்று பாம்புப் புற்றுதான்.

கன்னத்தில் அறை விழும் காட்சி ஒலிப்பதிவில் எப்படி?

மூன்றாம் அங்கத் தொடக்கத்தில் நாடகம் பார்க்கப் போக விடமாட்டேன் என்று வழிமறிக்கும் பாஸ்குவாலேயை நொரீனா கன்னத்தில் அறைகிறாள். பதிவில் அது ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அதற்கு அடுத்து வரும் இடம்தான் முக்கியம். இசை சட்டென்று சோகத்துக்குத் திரும்புகிறது. "முடிந்தது, தோன் பாஸ்குவாலே, உன் கதை முடிந்தது" என்று கிழவர் தனக்குத்தானே பாடுகிறார். பாடம் கொஞ்சம் கடுமையாகத்தான் போய்விட்டது, ஆனாலும் வேறு வழியில்லை என்று அவள் ஓரமாகப் பாடுகிறாள். அதுவரை சிரித்தவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இந்த ஓபரா வெறும் கேலிக்கூத்து இல்லை என்பதற்கு இந்த இரண்டு நிமிடமே சாட்சி, அந்த வரிகள் புரியாதவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

ஆங்கிலம் எங்கே தோற்கிறது?

நீண்ட, மெதுவான, காதல் பாட்டில். 'காதல் மருந்'தில் நெமொரீனோ, தான் காதலிக்கும் பெண்ணின் கண்ணில் ஒரு கள்ளத் துளி பார்த்தேன் என்று பாடும் "ஊனா ஃபுர்தீவா லாக்ரிமா" இருக்கிறதே, அதில் உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு போகும். சிரிப்பும் கிடையாது, சூழ்ச்சியும் கிடையாது, ஏக்கம் மட்டும். ஆங்கிலத்தில் மெய்யெழுத்துகள் குறுக்கே வந்து வந்து இழையை அறுக்கின்றன. சாண்டோஸ் பதிவில் பாரி பாங்க்ஸ் அழகாகத்தான் பாடியிருக்கிறார். இருந்தாலும் அந்த ஒரு பாட்டுக்கு நான் இத்தாலியப் பதிவுக்குத் தாவிவிடுவேன். அதே ஓபராவில் துல்கமாரா ஊர்ச் சந்தையில் நின்று தன் சரக்கை சர்வரோக நிவாரணி என்று விற்கும் பாட்டை ஆங்கிலத்தில்தான் கேட்பேன்.

பழைய மொழிபெயர்ப்புகள் இன்னும் செல்லுமா?

சில செல்லும். மோட்சார்ட்டை ஆங்கில மேடைக்குக் கொண்டுவந்ததில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்டு டென்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் வரிகள் பல தலைமுறை ஓடின. 'கொஸி ஃபான் தூத்தே'யின் சாண்டோஸ் பதிவு, 19ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் மார்மடியூக் பிரவுனின் மொழிபெயர்ப்பைத்தான் ஜான் காக்ஸ் தட்டிச் சரிசெய்து பயன்படுத்தியது. அந்தக் காலத்து நாசூக்கு அந்தக் கதைக்குப் பொருந்துகிறது. சீக்கிரம் செத்துப்போவது அன்றைய செய்தித்தாள் நகைச்சுவையைச் செருகிய வரிகள். மேடையில் அந்த வாரத்து மந்திரியைக் கிண்டல் செய்தால் கைத்தட்டல் வரும். பதிவில் அதே வரி இருபது வருடம் கழித்தும் கேட்கும், அப்போது அந்த மந்திரி யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கும்.

மேடைக்கு மேலே திரையில் வரிகள் ஓடுகிறதே, இனி இதெல்லாம் எதற்கு?

அந்த வசதி 1983இல் டொரன்டோவில் தொடங்கியது. இங்கிலீஷ் நேஷனல் ஓபராவே 2005இல் ஆங்கிலப் பாட்டுக்கு ஆங்கில வரிகளைத் திரையில் ஓட்டத் தொடங்கிவிட்டது. திரையில் படித்துச் சிரிக்கும் கூட்டம் பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிறது என்பது பழைய புகார். எப்படியிருந்தாலும் ஒலிப்பதிவுக்கு மேலே திரை கிடையாது.

நாங்கள் ஒரு சின்னக் குழு. ஆங்கில வடிவத்தைப் பதிவு செய்து இணையத்தில் போடலாமா?

ரொசினி, தொனிசெத்தி இசைக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். டென்ட் இறந்தது 1957. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பின் 60 வருடம், ஆகவே இங்கே முடிந்துவிட்டது. பிரிட்டனில் 70 வருடம், 2027 முடியும் வரை உண்டு. இணையத்தில் போட்டால் அங்கேயும் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஹோல்டன், சாம்ஸ், பாரி ஆகியோரின் வரிகளுக்கு அனுமதி இல்லாமல் முடியாது. சுரத்தாளிலும் கவனம் வேண்டும். 'செவில் நகர நாவித'னுக்கு ஆல்பெர்தோ செத்தா 1969இல் தந்தது போன்ற ஆய்வுப் பதிப்புகளை வாடகைக்குத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பழைய அச்சுப் பதிப்பும் சொந்த மொழிபெயர்ப்பும் இருந்தால் தலைவலி குறைவு.

ஆங்கிலம் தெரியும், ஆனால் பாடும்போது ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. என்ன செய்வது?

லண்டன்காரர்களுக்கே பாதிதான் பிடிபடுகிறது, கவலைப்படாதீர்கள். மேல் சுரத்தில் சொப்ரானோ பாடும் எந்த மொழியும் மங்கத்தான் செய்யும். சாண்டோஸ் பதிவுகளோடு முழு ஆங்கில வரிகளும் கையேடாக வருகின்றன. அந்த நிறுவனத்தின் தளத்தில் பதிவு வாங்கினால் கையேடும் கோப்பாகக் கிடைக்கும். முதல் தடவை அதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். இரண்டாம் தடவை மூடி வைத்துவிட்டு, தாழ்ந்த ஆண்குரல் வரும் இடங்களை மட்டும் கவனியுங்கள். பேஸ், பாரிடோன் குரல்களில் சொல் தெளிவாக விழும், நகைச்சுவையில் பெரும்பங்கும் அவர்களிடம்தான். பெண்குரல் பகுதிகள் மூன்றாம் தடவையில் தானாகப் பிடிபடத் தொடங்கும்.

எதில் தொடங்கலாம்?

'தோன் பாஸ்குவாலே'. முக்கியப் பாத்திரங்கள் நாலே பேர், கதை நேர்கோடு, இரண்டு குறுந்தகடுகளில் முடிந்துவிடும். முழுசாகக் கேட்க நேரமில்லை என்றால், மேலே சொன்ன தோட்டத் திட்டப் பாட்டை முதலில் கேளுங்கள். பிடித்திருந்தால் அறை விழும் காட்சி. அப்புறம் 'செவில் நகர நாவிதன்', அது கொஞ்சம் நீளம். 'ஃபிகாரோவின் திருமணம்' மூன்று குறுந்தகடுகள், பாத்திரங்களும் அதிகம். அதை ஒரே மூச்சில் கேட்காமல் அங்கத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். 'ஃபால்ஸ்டாஃப்' கடைசியில்: அதில் பாட்டு எங்கே முடிந்து பேச்சு எங்கே தொடங்குகிறது என்று வெர்தி நிறுத்திச் சொல்ல மாட்டார், பழகிய காதுக்குத்தான் அது ருசிக்கும்.